இளைப்பாறிய இலக்கங்கள்

புகழ் பெற்றோரின் நினைவை நிலைநிறுத்துவதற்கு மனிதர் கைக்கொண்ட வழிகள் பலவாகும். பழந்தமிழர் போரில் வீழ்ந்த வீரனுக்கு நடுகல் நாட்டி, அதில் அவன் பெயரையும் அருஞ்செயலையும் பொறித்து வழிபட்டனர். பிற்காலத்தார் சிலை வைத்தனர், தெருவுக்குப் பெயரிட்டனர், மண்டபம் கட்டினர். இவை யாவும் ஒன்றைப் புதிதாக உண்டாக்கி வைக்கும் முறைகள். அமெரிக்க நாட்டு விளையாட்டுக் கழகங்களோ இதற்கு நேர்மாறான ஒரு முறையைக் கண்டுள்ளன. அவை ஒன்றை நாட்டுவதில்லை. ஒன்றைப் பாவனையிலிருந்து நீக்கிவிடுகின்றன. சிறந்த ஆட்டக்காரர் ஒருவர் தம் சட்டையில் அணிந்திருந்த இலக்கத்தை, அவருக்குப் பின் அக்கழகத்தில் எவரும் அணியலாகாது என விதித்து விடுகின்றன. உத்தியோகத்தர் இளைப்பாறுவது போல அந்த இலக்கமும் இளைப்பாறிவிட்டது என்பது அவர்கள் வழக்கு.

இம்மரியாதை யாருக்கு உரியது, யாருக்கு உரியதன்று என்பது பற்றி அந்நாட்டு இரசிகர்கள் புரியும் வாதத்துக்கு முடிவே இல்லை. சிறுபிள்ளைத்தனமான சண்டை என்று தள்ளிவிட எண்ணுவோரும் உளர். ஆனால், சற்று நின்று கேட்போமாயின், ஒரு சமுதாயம் தன் பெரியோரை எவ்வாறு அளக்கிறது, அந்த அளவுகோல் யார் கையில் இருக்கிறது என்ற வினாக்களே அங்கு ஆராயப்படுவதைக் காணலாம்.

பேஸ்போல் என்னும் ஆட்டத்தில் இவ்வழக்கம் ஆழமாக வேரூன்றியது. நம் பாடசாலை மைதானங்களில் ஆடப்படும் எல்லேயை அறிந்த நேயர்களுக்கு இவ்வாட்டம் முற்றிலும் புதியதாகத் தோன்றாது. பந்தெறியாளர் எறியும் பந்தை மட்டையால் அடித்துவிட்டு, குறிக்கப்பட்ட தளங்களைச் சுற்றி ஓடிவந்து ஓட்டம் சேர்ப்பதே அதன் சாரம். பக்கத்துக்கு ஒன்பது பேர். பந்தை எல்லைக்கு அப்பால் அடித்துவிட்டு ஆறுதலாக ஒரு சுற்று வருவதை ஹோம் றன் என்பர்.

தொடக்கத்தில் ஆட்டக்காரர் சட்டையில் இலக்கம் இருக்கவில்லை. கிளீவ்லாந்து அணி 1916 இல் சட்டைக் கையில் சிறிய இலக்கம் தைத்துப் பார்த்துப் பின்னர் கைவிட்டது. 1929 இல் அதே அணியும் நியூயோர்க் யாங்கீஸ் அணியும் முதுகில் பெரிய இலக்கத்தை நிலையாகப் பொறிக்கத் தொடங்கின. தொலைவில் அமர்ந்திருப்போரும் ஆட்டக்காரரை அடையாளம் காணவேண்டும் என்பதன்றி அதற்கு வேறு நோக்கம் இல்லை. யாங்கீஸ் அணியினர் துடுப்பெடுத்தாடும் வரிசைப்படியே இலக்கத்தை வழங்கினர். மூன்றாவதாக ஆடிய பேப் றூத் 3 ஆம் இலக்கத்தையும், நான்காவதாக ஆடிய லூ கெறிக் 4 ஆம் இலக்கத்தையும் பெற்றனர். மாட்டுக்குக் குறிசுடுவது போன்ற வெறும் அடையாளமாகப் பிறந்த எண், பத்தே ஆண்டுகளில் புனிதப் பொருளாக மாறியது.

அந்த மாற்றத்துக்குக் காரணமானவர் லூ கெறிக். 1925 ஆம் ஆண்டு யூன் மாதம் தொடங்கி 1939 ஏப்பிரில் வரை ஓர் ஆட்டத்தையேனும் தவறவிடாது தொடர்ந்து 2,130 ஆட்டங்களில் அவர் ஆடினார். காய்ச்சலென்றும் காயமென்றும் ஒருநாளும் ஒதுங்கியவர் அல்லர். அத்தகைய உடலை, தசைகளை இயக்கும் நரம்புகளை அழிக்கும் கொடிய நோய் பற்றியது. மே 2 ஆம் நாள், தாம் அணிக்குப் பாரமாக இருத்தல் தகாது என்று கருதித் தாமே ஆட்டத்திலிருந்து விலகினார். அவ்வாண்டு யூலை 4 ஆம் நாள், யாங்கி விளையாட்டரங்கில் அறுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் கூடியிருக்க, அவருக்குப் பாராட்டு விழா எடுக்கப்பட்டது. சாவு அணுகி வருவதை அறிந்திருந்த அம்மனிதர் ஒலிபெருக்கி முன் நின்று தம்மைப் பேறு பெற்றவர் என்றே கூறிக்கொண்டார். இரண்டு ஆண்டுகள் கழியுமுன், 37 ஆம் வயதில் காலமானார். அவருடைய 4 ஆம் இலக்கத்தை இனி எவருக்கும் கொடுப்பதில்லை என யாங்கீஸ் கழகம் தீர்மானித்தது. இவ்வாட்டத்தில் ஒருவருக்காக ஓர் இலக்கம் ஒதுக்கி வைக்கப்பட்டது அதுவே முதன்முறை. யாங்கீஸ் அணியின் வரலாற்றில் 4 ஆம் இலக்கத்தை அணிந்தவர் அவர் ஒருவரே.

இங்கு ஒன்றைக் கவனித்தல் வேண்டும். கெறிக்கைவிடப் பெரும்புகழ் பெற்றிருந்தவர் பேப் றூத். ஆயினும் அவர் யாங்கீஸ் அணியை விட்டு நீங்கிய பின், அவருடைய 3 ஆம் இலக்கத்தைப் பிறர் தடையின்றி அணிந்தனர். 1948 யூன் மாதத்தில், அவர் நோயுற்று மெலிந்து இறுதி நாட்களை எண்ணிக்கொண்டிருந்த வேளையிலேயே அவ்விலக்கம் நிறுத்தப்பட்டது. இரண்டு மாதங்களில் அவரும் மறைந்தார். ஆகவே, இவ்வழக்கம் திறமைக்குப் பரிசாகத் தோன்றியதன்று. துயரத்தின் முன் கைகட்டி நின்ற மக்கள் தம் நன்றியைக் காட்ட வேறு வழியறியாது கண்ட வழியே அது. இற்றைநாள் வாதங்களில் புள்ளிவிபரங்களை அடுக்குவோர் இதனைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர். கிரிக்கெற் உலகிலும் இதற்கு ஒப்பான நிகழ்ச்சி உண்டு. 2014 இல் பந்து தாக்கி உயிரிழந்த பிலிப் ஹியூஸ் என்ற இளைஞரின் 64 ஆம் இலக்கத்தை அவுஸ்திரேலியா அவ்வாறே ஒதுக்கி வைத்தது. அங்கும் எவரும் ஓட்டங்களை எண்ணிப் பார்க்கவில்லை.

காலப்போக்கில் துயரம் குறைந்தது, மரியாதை பெருகியது. நம் பாடசாலை மண்டபங்களில் சிறந்த மாணவர் பெயரைப் பொன்னெழுத்தில் எழுதும் பலகை நிறைந்துவிட்டால், அருகில் இன்னொரு பலகையை மாட்டலாம். இலக்கங்களை அவ்வாறு பெருக்க இயலாது. சட்டையில் இரண்டு தானங்களுக்கே இடமுண்டு. ஆட்டக்காரருக்கு மட்டுமன்றி, அவ்வாட்டத்தின் வழக்கப்படி அதே சீருடையை அணியும் முகாமையாளருக்கும் பயிற்றாளருக்கும் இலக்கம் வேண்டும். யாங்கீஸ் கழகம் இதுவரை இருபதுக்கு மேற்பட்ட இலக்கங்களை நிறுத்தியுள்ளது. 2017 இல் டெறெக் ஜீற்றரின் 2 ஆம் இலக்கம் நிறுத்தப்பட்டதோடு, ஒன்று முதல் பத்து வரை ஒன்றேனும் மிஞ்சவில்லை. ஒற்றைத்தான இலக்கம் வேண்டுமென்று அடம்பிடிக்கும் இளைஞருக்கு அங்கு பூச்சியம் ஒன்றே கதி. 2019 இல் ஒருவர் அதனையும் அணிந்துவிட்டார். கிளீவ்லாந்துக் கழகமோ 455 என்ற இலக்கத்தைத் தன் இரசிகர்களுக்கே உரியதாக்கியது. 1995 முதல் 2001 வரை தொடர்ந்து 455 ஆட்டங்களுக்கு அனுமதிச்சீட்டு முழுவதும் விற்றுத் தீர்ந்தமைக்கு நன்றியாம்! எவரும் அணியவே இயலாத இலக்கத்தைத் தானம் செய்த சாமர்த்தியத்தை மெச்சத்தான் வேண்டும்.

ஒருவருக்குக் கொடுத்தால் இன்னொருவருக்கு ஏன் இல்லை என்ற கேள்வி உடனே எழும். யாங்கீஸ் கழகத்து றொஜர் மாரிஸ் 1961 இல் ஒரே பருவத்தில் 61 ஹோம் றன்கள் அடித்து, பேப் றூத் 1927 இல் நாட்டிய 60 என்ற சாதனையை முறியடித்தார். அவருடைய 9 ஆம் இலக்கம் 1984 இல் நிறுத்தப்பட்டது. அவர் அங்கு ஆடியவை ஏழு பருவங்களே. கூப்பர்ஸ்டவுன் நகரிலுள்ள புகழ் மண்டபத்திலும் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. ஒரே ஓர் ஆண்டுக்காகவா இம்மரியாதை என்று கேட்போர் உண்டு. றூத்தின் சாதனையை முறியடிப்பவர் மிக்கி மன்ரிலாக இருக்கக்கூடாதா என்று ஏங்கிய சொந்த நகரத்து இரசிகர்களே அந்த ஆண்டில் மாரிஸைக் கூவி எள்ளினர். அந்த அநீதிக்குக் கழகம் காலந்தாழ்த்திச் செய்த பரிகாரமே இது என்பது மற்றையோர் மறுமொழி. இரண்டாவது கூற்றே எனக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது. ஒரு கழகத்தின் கதையைச் சொல்லப் புகுவோர் எவரைத் தவிர்த்துச் சொல்ல முடியாதோ அவருக்கே அதன் இலக்கம் உரியது. புகழ் மண்டபம் நாடு முழுவதற்கும் பொதுவான அளவுகோலை வைத்திருக்கலாம். வீட்டுக்குள் வைக்கும் படத்தை வீட்டார் தாமே தீர்மானிப்பர்.

இத்தகைய சச்சரவுகளைத் தவிர்க்க எண்ணி, விதி வகுத்துப் பார்த்தது பொஸ்ரன் றெட் சொக்ஸ் கழகம். புகழ் மண்டபத்துக்குத் தெரிவாகியிருத்தல் வேண்டும். பொஸ்ரனில் குறைந்தது பத்து ஆண்டுகள் ஆடியிருத்தல் வேண்டும். ஆட்ட வாழ்வைப் பொஸ்ரனிலேயே முடித்திருத்தல் வேண்டும் என்பன அவ்விதிகள். தெட் வில்லியம்ஸின் 9, ஜோ குறோனினின் 4, பொபி டோரின் 1, கார்ல் யஸ்ரெம்ஸ்கியின் 8 ஆகியவை அம்மரியாதையைப் பெற்று, அவர்கள் அரங்கின் முகப்பில் அதே வரிசையில் தொங்கின. அதிலும் ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. 9, 4, 1, 8 என்பதை அமெரிக்கர் திகதி எழுதும் முறைப்படி வாசித்தால் 1918 செப்ரெம்பர் 4 என்று வரும். பொஸ்ரன் இறுதியாக வெற்றிக்கிண்ணம் பெற்ற அந்த ஆண்டுப் போட்டித்தொடர் தொடங்குவதற்கு முந்திய நாள் அது! அதன்பின் வெற்றி கிட்டாமைக்கு இதுவே தோஷம் என்று சில இரசிகர்கள் அஞ்சினர். பின்னர் இலக்கங்கள் ஏறுவரிசையில் மாற்றி மாட்டப்பட்டன. 2004 இல் அவர்கள் வென்றதற்கும் இதற்கும் தொடர்பு தேடுவோரை அவர்கள் நம்பிக்கையோடு விட்டுவிடுவோம்.

விதி எழுதப்பட்டது எளிது, காப்பதுதான் அரிதாயிற்று. கார்ல்ரன் பிஸ்க் என்பவர் 1975 ஆம் ஆண்டு இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தில், பன்னிரண்டாம் சுற்றில் ஹோம் றன் அடித்து, பந்து கோட்டுக்குள் விழவேண்டுமென்று கைகளை அசைத்து மன்றாடிய காட்சியை அந்நகரத்தார் இன்னும் மறக்கவில்லை. ஆயின், அவர் 1981 இல் சிக்காகோவுக்குச் சென்று, அங்கேயே தம் ஆட்ட வாழ்வை முடித்தார். விதி தடுத்தது, மனம் விடவில்லை. கழகம் என்செய்தது? அவரை ஆலோசகர் பதவியொன்றில் அமர்த்தி, அதனால் அவர் பொஸ்ரனிலேயே தம் வாழ்வை நிறைவு செய்தவராகிறார் என்று கொண்டு, 2000 ஆம் ஆண்டில் 27 ஆம் இலக்கத்தை நிறுத்தியது. சிக்காகோவில் அவர் அதனைத் திருப்பி 72 என்று அணிந்திருந்தார். அதுவும் அங்கே நிறுத்தப்பட்டது. 2008 இல் ஜொனி பெஸ்கிக்காக 6 ஆம் இலக்கம் நிறுத்தப்பட்டபோது புகழ் மண்டப விதியும் தளர்ந்தது. அவர் ஆட்டக்காரராகவும் முகாமையாளராகவும் பயிற்றாளராகவும் ஒலிபரப்பாளராகவும் பல தசாப்தங்கள் அக்கழகத்தோடு ஒன்றியிருந்த முதியவர். ஏழே பருவங்கள் பொஸ்ரனில் ஆடிய பெட்றோ மார்ற்றினேஸின் 45 உம் 2015 இல் அவ்வரிசையில் சேர்ந்தது.

விலக்குகள் பெருகவே, விலக்குப் பெறாதோர் பக்கம் நின்று வாதிடுவோர்க்கு வலு உண்டாயிற்று. டுவைற் எவன்ஸ் 1972 முதல் 1990 வரை பொஸ்ரனில் ஆடியவர். தடுப்பாட்டத்துக்கான தங்கக் கையுறை விருதை எட்டுமுறை வென்றவர். இறுதி ஓராண்டு மட்டும் பால்ரிமோரில் ஆடினார். புகழ் மண்டபம் அவரை அழைக்கவில்லை. அவருடைய 24 ஆம் இலக்கத்தைப் பின்னர் வந்தோர் அணிந்தனர். பெஸ்கிக்கு வளைந்த விதி எவன்ஸுக்கு ஏன் வளையவில்லை என்று அவர் அபிமானிகள் கேட்கின்றனர். நியாயமான கேள்வியே.

இதனினும் சிக்கலானது பந்தெறியாளர் றொஜர் கிளெமன்ஸின் வழக்கு. பொஸ்ரனில் 13 பருவங்களில் அவர் ஈட்டிய வெற்றிகள் 192. அக்கழகத்தில் அவ்வளவு வெற்றி பெற்றவர் பழைய காலத்து சை யங் ஒருவரே. ஒரே ஆட்டத்தில் 20 பேரை ஆட்டமிழக்கச் செய்த அருஞ்செயலை அவர் இருமுறை நிகழ்த்தினார். ஆயினும் 1996 இன் பின் நீங்கிச் சென்று, பின்னாளில் பொஸ்ரனின் பரமவைரியாகிய யாங்கீஸ் அணியிலும் சேர்ந்தார். 2007 இல் வெளியான விசாரணை அறிக்கை ஒன்று தடைசெய்யப்பட்ட ஊக்கமருந்து தொடர்பில் அவர் பெயரைக் குறிப்பிட்டது. அவர் அதனை மறுத்தார். அது தொடர்பாகப் பொய்ச்சாட்சி கூறினார் என்ற வழக்கில் 2012 இல் விடுவிக்கப்பட்டார். புகழ் மண்டபத் தெரிவில் மட்டும் தேறவில்லை. பொஸ்ரன் கழகம் அவருடைய 21 ஆம் இலக்கத்தை நிறுத்தியதாக அறிவிக்கவும் இல்லை. அவர் சென்றபின் எவருக்கும் வழங்கவும் இல்லை. விழாவும் இன்றி, மறுப்பும் இன்றி, அந்த இலக்கம் பெட்டிக்குள் கிடக்கிறது. ஆம் என்றாலும் சண்டை, இல்லை என்றாலும் சண்டை எனும்போது மௌனமும் ஒரு தீர்ப்பாகிவிடுகிறது.

இலக்கத்தை நிறுத்தும் அதிகாரம் கழகத்தின் உரிமையாளர் கையில் இருப்பதாகவே சட்டம் சொல்லும். 2008 இல் நியூயோர்க்கில் நிகழ்ந்தது வேறு. போல் ஓநீல் என்பவர் ஒன்பது பருவங்கள் யாங்கீஸ் அணியில் 21 ஆம் இலக்கத்தோடு ஆடி, நான்கு வெற்றித் தொடர்களில் பங்குகொண்டு 2001 இல் விலகியவர். அவ்விலக்கம் முறைப்படி நிறுத்தப்படவில்லை. ஆதலால், 2008 இல் அணிக்கு வந்த லற்றோய் ஹோக்கின்ஸ் என்ற பந்தெறியாளர் அதனைக் கேட்டுப் பெற்றார். அரங்கில் இருந்தோர் அவரைக் கண்டபோதெல்லாம் கூவி எள்ளினர். சில நாட்களில் அவர் 22 ஆம் இலக்கத்துக்கு மாறிக்கொண்டார். கழகம் செய்யாததை மக்கள் தொண்டையால் செய்து முடித்தனர். கழகம் அதனை விழாவெடுத்து ஒப்புக்கொண்டது 2022 இல்தான்.

இதில் உள்ளத்தை உறுத்தும் செய்தி ஒன்றுண்டு. ஹோக்கின்ஸ் 21 ஐ விரும்பியது ஓநீலை அவமதிப்பதற்கன்று. றொபேட்டோ கிளெமென்ரே என்ற மாமனிதரின் நினைவுக்காகவே அதனை அணிந்தார். ஒருவரை நினைவுகூர அணிந்த இலக்கம் இன்னொருவரை மறந்ததற்கு அடையாளமாகக் கொள்ளப்பட்டது.

கிளெமென்ரே யார்? புவேர்ட்டோ றிக்கோத் தீவில் 1934 இல் பிறந்து, 1955 முதல் 18 பருவங்கள் பிற்ஸ்பேர்க் பைரேற்ஸ் அணிக்கு ஆடியவர். கறுப்பராகவும் ஸ்பானிய மொழி பேசுபவராகவும் இருந்தமையால் இருமடங்கு இகழ்ச்சியைத் தாங்கியவர். 1972 செப்ரெம்பர் இறுதியில் தமது மூவாயிரமாவது அடியை அடித்தார். அவ்வாண்டு மார்கழியில் நிக்கராகுவாவின் தலைநகர் பூமிநடுக்கத்தால் சிதைந்தது. தாம் சேர்த்து அனுப்பிய நிவாரணப் பொருட்கள் உரியவரைச் சேரவில்லை என்று கேள்வியுற்று, தாமே கொண்டுசெல்லத் துணிந்து, டிசெம்பர் 31 ஆம் நாள் இரவு அளவுக்கு மீறிப் பாரமேற்றிய பழைய விமானமொன்றில் ஏறினார். விமானம் கடலில் வீழ்ந்தது. உடல் கிடைக்கவேயில்லை. அவருக்கு வயது 38. ஐந்தாண்டு காத்திருக்கவேண்டும் என்ற விதியைப் புறக்கணித்துப் புகழ் மண்டபம் 1973 இல் அவரை ஏற்றது. பிற்ஸ்பேர்க் கழகமும் அவ்வாண்டே 21 ஐ நிறுத்தியது.

பிற்ஸ்பேர்க்கில் மட்டுமன்றி, மேஜர் லீக் அணிகள் அனைத்திலும் 21 நிறுத்தப்படவேண்டும் என்பது இரசிகர் பலரின் கோரிக்கை. அவ்வாறு எல்லா அணிகளிலும் நிறுத்தப்பட்ட இலக்கம் ஒன்றே உண்டு. அது ஜாக்கி றொபின்சனின் 42. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொட்டுக் கறுப்பருக்கு அடைக்கப்பட்டிருந்த கதவை, 1947 ஏப்பிரில் 15 ஆம் நாள் புறூக்ளின் டொட்ஜர்ஸ் அணியில் இறங்கித் திறந்தவர் அவர். ஐம்பது ஆண்டு நிறைவான 1997 ஏப்பிரில் 15 அன்று அவர் இலக்கம் எங்கும் நிறுத்தப்பட்டது. அப்போது அதனை அணிந்திருந்தோர் மட்டும் தொடர அனுமதிக்கப்பட்டனர். அவர்களில் இறுதியானவர், 2013 இல் விலகிய மரியானோ றிவேரா. பின்னர் 2007 இல் கென் கிறிபி என்ற ஆட்டக்காரர், அந்த ஒருநாள் மட்டும் 42 ஐ அணிய அனுமதி வேண்டினார். 2009 முதல் ஒவ்வோர் ஏப்பிரில் 15 அன்றும் ஆட்டக்காரர், முகாமையாளர், நடுவர் எல்லோர் முதுகிலும் 42 விளங்குகிறது. ஒருவரையொருவர் பிரித்தறியத் தோன்றிய இலக்கம் அன்று எவரையும் பிரித்தறிய உதவாது. ஆண்டு முழுவதும் மறைத்து வைப்பதும், ஒரு நாள் எல்லோருக்கும் உடுத்துவதும் ஆகிய இவ்விரண்டும் சேர்ந்த முறை, வெறும் ஒதுக்கலினும் சிறந்தது என்பது என் கருத்து. எவரும் அணியாத இலக்கத்தைப் பற்றிச் சிறுவர் கேள்வி கேட்பதில்லை. எல்லோரும் அணிந்தால் கேட்பர்.

கிளெமென்ரேயின் கோரிக்கைக்கு எதிராக 2006 இல் குரல் கொடுத்தவர் றொபின்சனின் புதல்வியார் ஷறன் றொபின்சன். தம் தந்தைக்குச் செய்யப்பட்டது தனித்த மரியாதை. கிளெமென்ரேயை வேறு வகையில் சிறப்பிக்கலாம் என்பது அவர் நிலை. இதனைத் தன்னலம் என்று சிலர் கடிந்தனர். அது கடுஞ்சொல். இரண்டாவது இலக்கம் நிறுத்தப்பட்டால் மூன்றாவதும் நான்காவதும் வந்து நிற்கும் என்ற அச்சத்துக்கு யாங்கீஸ் கழகத்தின் வரிசையே சான்று. ஆனால், றொபின்சன் தம் இனத்தாருக்குத் திறந்த கதவைப் போலவே இலத்தீன் அமெரிக்கருக்கு வழி காட்டியவர் கிளெமென்ரே. இன்று அணிகளில் நிறைந்திருக்கும் அம்மக்களின் குரலையும் கேட்கவேண்டும் என்ற மறுதரப்பும் வலியதே. பெருமக்கள் இருவரைத் தராசில் நிறுத்தி எடைபோட நேர்வது இவ்வழக்கத்தின் கொடுமை.

தீர்ப்புக்குக் காத்திராமல், புவேர்ட்டோ றிக்கோ ஆட்டக்காரர் பலர், எந்த அணியில் சேர்ந்தாலும் 21 ஐக் கேட்பதில்லை என்று தாமாகவே ஒழுகி வந்துள்ளனர். 2020 செப்ரெம்பர் 9 ஆம் நாள், கிளெமென்ரே நினைவு நாளில், பிற்ஸ்பேர்க் ஆட்டக்காரர் அனைவரும் 21 ஐ அணிந்து களமிறங்கினர். பிற அணிகளைச் சேர்ந்த புவேர்ட்டோ றிக்கோ ஆட்டக்காரர் சிலரும் அணிந்தனர். மறுநாள் ஆளுக்கோர் இலக்கமாகத் தத்தம் பழைய சட்டைக்குத் திரும்பினர்.